கீழ்பென்னாத்தூரில் மாடித் தோட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர்க்காரர்களுக்குச் செடி வளர்க்கச் சொல்லித் தருவது கொஞ்சம் வேடிக்கைதான். ஊரைச் சுற்றி மல்லாட்டை (நிலக்கடலை), நெல், கரும்பு. ஆனால் கத்தரியும் அவரையும் நின்ற புழக்கடையில் இப்போது மெத்தை வீடு நிற்கிறது. வயல் வைத்திருக்கிற வீட்டிலேகூடக் கீரைக்கட்டு கடையிலிருந்துதான் வருகிறது. மிச்சம் இருப்பது மொட்டை மாடி ஒன்றுதான்.

நகரத்து மாடித் தோட்டக்காரர் பாக்கெட் பாக்கெட்டாகக் காசு கொடுத்து வாங்கும் செம்மண்ணும் சாணமும் பிண்ணாக்கும் இங்கே கூப்பிடு தூரத்தில் கிடைக்கின்றன. நம்மைப் படுத்துபவை வேறு இரண்டு: சித்திரை வெயில், போர் தண்ணீரின் உப்பு. அந்த இரண்டையும் மனதில் வைத்தே இந்தக் குறிப்புகள்.

முதல் படி: மாடியைப் பாருங்கள்

விதை வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் மாடிக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். காய்கறிக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். கீரை நான்கு மணி நேரத்திலும் வந்துவிடும்.

அடுத்தது எடை. ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள பையில் மண் கலவையை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் இருபது கிலோவுக்குக் குறையாது. அதனால் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ போகும் வரிசையில் வையுங்கள். ஒவ்வொரு பைக்கும் அடியில் இரண்டு செங்கல் கொடுங்கள். தண்ணீர் தேங்காது, தளத்தில் ஓதம் ஏறாது. விரிசல் விட்ட பழைய தளமானால் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தொடங்குவதே புத்திசாலித்தனம்.

இரண்டாம் படி: மண் கலவை

தோட்டம் தேறுவதும் தேறாததும் இங்கேதான் முடிவாகிறது. செம்மண்ணை மட்டும் பையில் போட்டால் நாலு தண்ணீருக்கு இறுகிக் கட்டியாகிவிடும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு: இந்தக் கணக்கு போதும்.

நார்க்கழிவைக் கட்டியாக வாங்கினால் முதல் நாள் ஊறவைத்து, பழுப்பு நிறத் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை அலசுங்கள். அதில் இருக்கும் உப்பும் துவர்ப்பும் இளம் வேருக்கு ஆகாது.

தொழு உரத்தில்தான் ஏமாறுவோம். குப்பைமேட்டின் மேலாக இருப்பதை அள்ளிக் கொடுத்துவிடுவார்கள். கையில் எடுத்துப் பாருங்கள். காப்பித்தூள் மாதிரி உதிர வேண்டும், சாண வாடையே வரக் கூடாது. வாடை இருந்தால் இன்னும் மக்கவில்லை. அந்தச் சூட்டில் நாற்று கருகும். போதாக்குறைக்கு, காண்டாமிருக வண்டின் பருத்த வெள்ளைப் புழுக்கள் அதில் சுருண்டு கிடக்கும். சலித்துப் போட்டால் கோழிக்குத் தீனியாச்சு.

ஏரி வண்டல் கிடைத்தால் செம்மண்ணில் பாதிக்கு அதைச் சேர்க்கலாம். ஏரியில் போய் நீங்களாக அள்ள வேண்டாம், அதற்கு அனுமதி வேண்டும். அனுமதி வாங்கி வயலுக்கு அடித்த சொந்தக்காரர் யாராவது இருந்தால் இரண்டு கூடை கேட்டுப் பாருங்கள்.

மூன்றாம் படி: எதில் நடுவது

கடைப் பைதான் வேண்டும் என்பதில்லை. அரிசிச் சாக்கு, உடைந்த பிளாஸ்டிக் குடம், பெயின்ட் வாளி எல்லாம் ஆகும். அடியில் நான்கைந்து ஓட்டை போட மறக்காதீர்கள். கீரைக்கு அரையடி ஆழம் போதும், கத்தரி, தக்காளிக்கு ஓரடி வேண்டும்.

நான்காம் படி: முதலில் கீரை

புதிதாகத் தொடங்குபவர்கள் நேராக நர்சரிக்குப் போய்ப் பூத்து நிற்கும் ரோஜாவைத் தூக்கி வருகிறார்கள். அது ஒரு மாதத்தில் வாடுகிறது, ஆசையும் அதோடு போகிறது. கீரையில் தொடங்குங்கள். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள மறுபடி துளிர்க்கும். விதை பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவி, மேலே லேசாகக் கலவையைத் தூற்றி, பூவாளியால் தெளியுங்கள். எறும்பு விதையை இழுத்துப் போகாமல் இருக்கப் பையைச் சுற்றிக் கொஞ்சம் மஞ்சள் தூள் போடுவது நம் வீடுகளில் வழக்கம்.

கீரை கைக்கு வந்த பிறகு காய்கறி. வெண்டை, கொத்தவரை, அவரையை நேராக ஊன்றலாம். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். கத்தரி, தக்காளி, மிளகாயை நாற்று விட்டுத்தான் நட வேண்டும். கத்தரியில் பக்கத்து வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளு கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் விதை கிடைத்தால் விடாதீர்கள். எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அதை மிஞ்ச வேறு கிடையாது என்பது என் கட்சி.

பட்டம் முக்கியம். ஆடியும் தையும் நல்ல பட்டங்கள். சித்திரையில் தொடங்காதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் தளமே கொதிக்கும், நாற்று நிற்காது.

ஐந்தாம் படி: தண்ணீர்

இந்தப் பக்கம் பாறைப் பூமி. போர் தண்ணீர் பல வீடுகளில் கடினத் தண்ணீர்தான். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்தால், இலை நுனி காய்ந்துகொண்டே போனால், உப்புதான் காரணம். மாதம் ஒருமுறை அடி ஓட்டை வழியே தாராளமாக வடியும் அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றி உப்பைக் கழுவி விடுங்கள். மழை பெய்யும்போது டிரம்மில் பிடித்து வைக்கும் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை.

எப்போது ஊற்றுவது? விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் வேண்டாம். மேல்மண் காய்ந்திருப்பதைப் பார்த்து ஊற்றி ஊற்றியே வேரை அழுகவிடுகிறோம். கோடையில் காலை, மாலை இருவேளை. மற்ற நாளில் காலையில் ஒருவேளை.

வெயிலுக்கு நம் ஊர் மருந்து மல்லாட்டைத் தோல். மல்லாட்டை உடைக்கும் மில்லில் மூட்டையாகக் கிடைக்கும். பைக்குள் மண்மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினால் ஈரம் சட்டென்று போகாது, களையும் குறையும், நாளாக ஆக மக்கி உரமும் ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் பச்சை நிழல்வலை கட்டுங்கள்.

மழைக்காலத்தில் கதை தலைகீழ். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் நம் மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க முடியாது. ஐப்பசி பிறப்பதற்குள் மாடியின் தண்ணீர்க் குழாய் வாயில் அடைத்த சருகை எடுத்துவிடுங்கள். கொடிப் பந்தலை இழுத்துக் கட்டுங்கள்.

ஆறாம் படி: உரம்

மல்லாட்டைப் பிண்ணாக்கில் நூற்றுக்கு ஏழு பங்கு அளவுக்குத் தழைச்சத்து இருக்கிறது. ஒரு கைப்பிடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுங்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை. நாற்றம் குடலைப் புரட்டும். விருந்தாளி வரும் நாளில் வேண்டாம். பஞ்சகவ்யம் தெளிப்பதானால் லிட்டருக்கு 30 மில்லி.

ஏழாம் படி: பூச்சி

காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியும் வெள்ளை ஈயும் அடியில்தான் குடியிருக்கும். தொடக்கத்திலேயே விரலால் நசுக்கினால் பாதி வேலை முடிந்தது. அதிகமானால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் காதி சோப்பு. வெயில் தாழ்ந்தபின் தெளியுங்கள்.

ரசாயன மருந்துக்கு ஓட வேண்டாம் என்பதற்கு ஒரு பழைய சங்கதி உண்டு. 2008-இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாட்டையே ஆட்டி வைத்தது. மருந்தடித்துப் பார்த்தும் அடங்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குளவிதான் அதை அடக்கியது. உங்கள் மாடியிலும் பொறிவண்டும் குளவியும் கூலி கேட்காமல் வேலை செய்கின்றன.

வீட்டுக்குள் வைக்கும் செடிகள்

மணி பிளான்ட், பாம்புச் செடி, கற்றாழை: இந்த மூன்றும் போதும். கற்றாழையை மட்டும் வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வையுங்கள். வாரத்துக்கு ஒரு தண்ணீர், பாம்புச் செடிக்கு அதுகூட அதிகம். துளசியைக் கூடத்தில் வைத்து வாடுகிறதே என்று வருந்தாதீர்கள். அதற்கு வெயில் வேண்டும், இடம் வாசல் மாடம்தான்.

அரசு கிட் வாங்கலாமா?

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுத்து வந்த மாடித் தோட்டக் கிட்டில் ஆறு பை, இரண்டு கிலோ நார்க்கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதை, உயிர் உரங்கள், டிரைகோடெர்மா விரிடி, வேப்ப எண்ணெய் இருந்தன. நல்ல பொருள்தான். இப்போது கிடைக்கிறதா என்று தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள், கிடைத்தால் வாங்குங்கள். அதற்காகக் காத்திருந்து பட்டத்தை விட்டுவிடாதீர்கள். சாக்கு வீட்டில் இருக்கிறது, மல்லாட்டைத் தோல் மில்லில் இருக்கிறது, கீரை விதை பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு சாக்கு கீரை போடுங்கள்.