பழைய கணினியில் விளையாட்டு ஏன் தடுமாறுகிறது?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

முன்னுரை

கணினி விளையாட்டு என்றவுடன் பெற்றோர் பலர் முகம் சுளிப்பதுண்டு. படிப்பு கெடும் என்பது அவர்கள் அச்சம். அது நியாயமானதே. ஆனால் ஒரு விளையாட்டு திரையில் தடுமாறும்போது, "ஏன் இப்படி ஆகிறது?" என்று ஆராய்ந்தால், அதுவே நல்ல அறிவியல் பாடமாகிவிடும். வீட்டில் பணம் வீணாவதையும் தடுக்கலாம். மருத்துவர் நோயின் காரணம் அறிந்த பின்பே மருந்து தருகிறார். கணினிக்கும் அதே முறைதான். அம்முறையை இக்கட்டுரையில் காண்போம்.

ஃபிரேம் என்பது யாது?

நம் சேலத்தில், ஏற்காடு மலையடிவாரச் சாலையில், 1935ஆம் ஆண்டு டி. ஆர். சுந்தரம் அவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படநிறுவனத்தைத் தொடங்கினார். 1956இல் வெளிவந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்ற வண்ணப்படம் அந்நிறுவனத்தின் தயாரிப்பே. பேசும் படச்சுருளில் நொடிக்கு 24 அசையாப் படங்கள் ஓடும். நம் கண்ணும் மூளையும் அவற்றை இணைத்து அசைவாகக் காண்கின்றன. அவற்றுள் ஒவ்வொரு படமும் ஒரு 'ஃபிரேம்' ஆகும்.

திரைப்படத்திற்கும் கணினி விளையாட்டிற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. திரைப்படத்தின் ஃபிரேம்கள் முன்பே எடுத்து வைக்கப்பட்டவை. விளையாட்டிலோ நாம் விசையை அழுத்திய பின்பே அடுத்த ஃபிரேமைக் கணினி வரைய வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம் வேண்டுமானால் ஒன்றை வரைய 33.3 மில்லி நொடிதான் கிடைக்கும். 60 வேண்டுமானால் 16.7 மில்லி நொடியே கிடைக்கும். அந்நேரத்திற்குள் வேலை முடியாவிட்டால் படம் தடுமாறும்.

எடுத்துக்கொண்ட கணினி

2011 செப்டம்பர் 15 அன்று, அன்றைய முதலமைச்சர் செல்வி ஜெ. ஜெயலலிதா அவர்கள் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் பல இலட்சம் பேர் அதனால் பயன்பெற்றனர். எல்காட் நிறுவனம் கணினிகளைக் கொள்முதல் செய்தது. இன்றும் ஓமலூர்ப் பகுதியில் பல வீடுகளின் பரணில் அக்கணினிகள் தூங்குகின்றன.

என் பெரியம்மா மகள் 2014இல் பெற்ற மடிக்கணினி அத்தகையது. அதில் 2 ஜி.பி. நினைவகம் இருந்தது. அதைக் கடையில் காட்டியபோது, "இனி இது உதவாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றனர். புதியதற்கு 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும். விசைத்தறிக் கூலியில் வாழும் குடும்பத்திற்கு அது எத்தனை மாதச் சேமிப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தம்பியின் பாடங்களுக்கும் அக்கணினியே வேண்டும். ஆகவே அக்காவும் நானும் சேர்ந்து காரணத்தைத் தேடினோம்.

சோதனைக்கு 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்னும் வண்டிப் பந்தய விளையாட்டை எடுத்துக்கொண்டோம். 2000ஆம் ஆண்டு ஸ்டீவ் பேக்கர் என்பவர் வெளியிட்ட டக்ஸ்கார்ட்டிலிருந்து வளர்ந்தது இது. எவரும் இலவசமாகப் பெறலாம். சண்டையோ இரத்தமோ இல்லாத விளையாட்டு. நொடிக்கு எத்தனை ஃபிரேம் வருகிறது என்பதைத் திரையின் மூலையில் காட்டும் வசதியும் இதில் உண்டு.

முதல் விதி: அளந்து எழுது

"மெதுவாக ஓடுகிறது" என்பது அளவு ஆகாது. ஒரே பந்தயப் பாதையை, ஒரே அமைப்பில், மூன்று முறை ஓட்டி எண்ணைக் குறித்தோம். நொடிக்கு 14 ஃபிரேம் வந்தது. இதன்பின் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்று அறிய இயலாது. ஆய்வுக்கூடத்தில் நாம் கற்பதும் இதுவே அன்றோ?

மின்னேற்றியை இணைத்தே எல்லாச் சோதனைகளையும் செய்ய வேண்டும். மின்கலத்தில் ஓடும்போது, மின்சாரத்தைச் சேமிக்க வேண்டிக் கணினி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதுண்டு.

சோதனை ஒன்று: புள்ளிகளைக் குறைத்தல்

திரை 1366 × 768 புள்ளிகள் கொண்டது. பெருக்கினால் 10,49,088. ஒவ்வொரு ஃபிரேமிலும் இத்தனை புள்ளிகளுக்கும் வண்ணம் தீட்ட வேண்டும். இதை 800 × 600 என மாற்றினால் 4,80,000 புள்ளிகளே. மாற்றிப் பார்த்தோம். 14 ஆக இருந்த எண் 27 ஆயிற்று.

இச்சோதனையின் பொருளைத் தோழியர் நன்கு கவனிக்க வேண்டும். கணினியில் செயலி என்பது கணக்குப் போடும் பகுதி. வரைகலைப் பகுதி என்பது படம் தீட்டும் பகுதி. புள்ளியைக் குறைத்ததும் எண் உயர்ந்தால், திணறுவது வரைகலைப் பகுதி. எண் அசையாமல் நின்றால், பெரும்பாலும் திணறுவது செயலி. அப்போது புள்ளியைக் குறைத்துப் பயனில்லை. எதிராளி வண்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதே உதவும்.

சோதனை இரண்டு: அலங்காரத்தைக் குறைத்தல்

800 × 600இல் எழுத்துகள் மங்கித் தெரிந்தன. ஆகவே பழைய அளவிற்கே திரும்பி, நிழல்களையும் ஒளி விளைவுகளையும் நிறுத்தினோம். 26 ஃபிரேம் வந்தது. படமும் தெளிவாக இருந்தது. நிழல் வரையக் கணினி அதே காட்சியை விளக்கின் இடத்திலிருந்து இன்னொரு முறை கணக்கிட வேண்டும். அதனால்தான் அதற்கு அதிகச் செலவு. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள் பெரியோர். கணினிக்குத் தகுந்த அலங்காரம் போதும்.

'வி-சிங்க்' என்ற அமைப்பையும் பார்க்க வேண்டும். இது திரையின் துடிப்போடு ஃபிரேமைப் பொருத்துவது. நொடிக்கு 60 முறை துடிக்கும் திரையில், ஒரு ஃபிரேம் 16.7 மில்லி நொடியைச் சற்றே தாண்டினாலும் அடுத்த துடிப்பு வரை காத்திருக்க நேரலாம். பேருந்தை ஒரு நிமிடத்தில் தவறவிட்டவர் அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பது போன்றது இது. இதனால் 58 வர வேண்டிய இடத்தில் 30 வரக்கூடும்.

சோதனை மூன்று: வெப்பம்

பதினைந்து நிமிடம் ஓட்டியபின் 26 மெல்ல மெல்ல 15 ஆகக் குறைந்தது. தொடக்கத்தில் நன்றாக ஓடிப் பின்னர் தளர்வது வெப்பத்தின் அடையாளம். பல செயலிகள் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, கருகிவிடாதபடி தம் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. சித்திரை வெயிலில் நம் ஊரில் அறையே கொதிக்கிறது. தறி ஓடும் வீட்டில் பஞ்சுத் துகள் வேறு பறக்கிறது.

கணினியை அணைத்து, மின்னேற்றியையும் மின்கலத்தையும் நீக்கி, அக்கா அடிமூடியைத் திறந்தார். காற்று வெளியேறும் வாயில் பஞ்சு ஒரு திரைபோல் படிந்திருந்தது. உலர்ந்த மெல்லிய தூரிகையால் அதை நீக்கினார். ஈரத்துணி கூடாது. இவ்வேலையைச் சிறுமியர் தனியே செய்யக் கூடாது. அதன்பின் அரைமணி நேரம் ஓடியும் எண் 25க்குக் கீழே இறங்கவில்லை. மெத்தையின்மேல் வைக்காமல் மரப்பலகையின்மேல் வைப்பதும் நல்லது.

சோதனை நான்கு: நினைவகம்

எண் நன்றாக இருந்தும், அவ்வப்போது படம் உறைந்து நின்றது. அப்போதெல்லாம் வட்டின் விளக்கு மின்னிற்று. நினைவகம் நிரம்பியதும் கணினி மிச்சத்தை வன்வட்டில் எழுதி வைக்கும். சுழலும் வன்வட்டு நினைவகத்தைவிட மிக மிக மெதுவானது. சமையல் மேடை சிறிதாக இருந்தால் ஒவ்வொரு பாத்திரத்திற்கும் பரண் ஏற வேண்டியிருப்பது போல.

முதலில் தேவையற்ற செயலிகளை மூடினோம். ஓரளவு தேறியது. பின்னர்ப் பழைய 2 ஜி.பி. நினைவகப் பட்டை ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, காலியாக இருந்த இரண்டாம் இடத்தில் பொருத்தினோம். உறைதல் நின்றது. எண்ணும் 31 ஆயிற்று. தனி வரைகலை அட்டை இல்லாத கணினியில் வரைகலைப் பகுதியும் பொது நினைவகத்தையே பயன்படுத்துகிறது. இரு பட்டைகள் இருந்தால் இரு வழிகளில் தரவு செல்லும். எனவே இரட்டைப் பயன்.

நினைவில் கொள்க

1. எப்போதுமே எண் குறைவு, புள்ளி குறைத்தால் உயர்வு: வரைகலைப் பகுதி.
2. புள்ளி குறைத்தும் மாற்றமில்லை: செயலி.
3. நேரம் செல்லச் செல்லக் குறைவு: வெப்பம்.
4. இடையிடையே உறைதல்: நினைவகம் அல்லது வன்வட்டு.

செய்யக் கூடாதவை

"ஒரே சொடுக்கில் வேகம் கூட்டும்" என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை நம்பி இறக்கக் கூடாது. அவற்றோடு நச்சு நிரலும் வரலாம். வரைகலை இயக்கியைக் கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தே பெற வேண்டும். வன்வட்டிற்குப் பதில் எஸ்.எஸ்.டி. பொருத்தினால் கணினி விரைவில் திறக்கும், உறைதலும் குறையும். ஆனால் வரைகலைப் பகுதி திணறினால் ஃபிரேம் எண் உயராது. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் பொதுவான ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே பழைய கணினியை இணையத்தோடு இணைக்கும் முன் பெரியவர்களைக் கலந்தாலோசிக்கவும். லினக்ஸ் போன்ற இலவச இயங்குதளமும் உண்டு.

முடிவுரை

14இலிருந்து 31 என்பது பெரிய சாதனையன்று. புதிய கணினிகள் இதைவிடப் பன்மடங்கு வேகமாக ஓடும். ஆயினும் பழைய இரும்புக்காரரிடம் போகவிருந்த ஒரு பொருளில் இன்று ஒரு சிறுவன் பாடம் படிக்கிறான், மாலையில் அரைமணி நேரம் விளையாடுகிறான். அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பரணிலும் அத்தகைய கணினி இருக்கலாம். அதைத் தூக்கி எறியுமுன், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அதன் முன் ஒரு மணி நேரம் அமருங்கள். அளவிடுங்கள், ஒவ்வொன்றாக மாற்றுங்கள், எழுதிவையுங்கள். காரணம் தெரிந்தபின் பணம் செலவழிப்பதா வேண்டாமா என்று பெற்றோரிடம் சொல்லுங்கள்.