பழைய துணியும் புது வேலையும்

கேள்வி: பீரோ நிறையப் பழைய துணி கிடக்கிறது. கொடுத்தால் யாருக்காவது வேலை கிடைக்க உதவுமா? (வாசகி, ஆவடி)

பதில்: உதவும். 1902-இல் பாஸ்டன் நகரப் பாதிரியார் எட்கர் ஹெல்ம்ஸ் வீடு வீடாகப் பழைய துணி சேகரித்தார். வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்து அவற்றைத் தைத்துச் சீராக்கச் செய்து, மலிவாக விற்றார். அப்படிப் பிறந்ததுதான் குட்வில் என்ற தொண்டு நிறுவனம். இன்று கடை வருமானத்தில் வேலைப் பயிற்சியும் தருகிறார்கள்.

நம் நாட்டில் அன்ஷு குப்தா 1999-இல் தொடங்கிய கூஞ்ச் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. சென்னையிலும் பழைய துணியைப் பெற்றுக்கொள்கிறார்கள். அந்தத் துணி கிராமங்களுக்குப் போகும். அங்கே ஊர் மக்கள் தங்கள் ஊருக்காகக் கிணறு வெட்டுவார்கள், பாதை போடுவார்கள். உழைப்புக்கு ஈடாகத் துணி. நிரந்தர வேலை இல்லைதான். ஆனால் யாரும் கையேந்த வேண்டியதில்லை, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்துக் கொடுங்கள். நல்ல சட்டை, பேன்ட், ஷூ இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு முதல் இன்டர்வியூ போகும் பிள்ளை உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.