வெள்ளம் கொண்டுபோனது கணக்கில் வருமா?



2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டது. முடிச்சூரிலும் பக்கத்திலுள்ள வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மக்களைப் படகுகளில் மீட்டார்கள்.

இந்த வெள்ளத்தால் நாட்டின் செல்வம் எவ்வளவு குறைந்தது? செய்தித்தாளில் அடிக்கடி வரும் 'மொத்த உள்நாட்டு உற்பத்தி' என்ற எண்ணைப் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியுமா? முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

வரத்தும் இருப்பும்

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். கால்வாய் வழியாக வந்து சேரும் நீர் வரத்து. ஏரியில் நிற்கும் நீர் இருப்பு. இரண்டும் வேறு வேறு அல்லவா?

உற்பத்தி என்பது ஓராண்டின் வரத்து. அந்த உற்பத்திக்குத் துணை நிற்கும் கட்டடங்கள், சாலைகள், பாலங்கள், எந்திரங்கள் ஆகியவற்றின் ஒரு நாளைய மொத்த மதிப்பே 'மூலதன இருப்பு'. நம் நாட்டில் இது மார்ச் 31ஆம் நாள் நிலவரமாகக் கணக்கிடப்படுகிறது.

எது சேரும்? எது சேராது?

முடிச்சூர் வழியே செல்லும் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை சேரும். நாம் குடியிருக்கும் வீடும் சேரும். வீட்டு மனை சேராது. நிலத்தை யாரும் உற்பத்தி செய்யவில்லை. மனை விலை இரு மடங்கானாலும் இந்தக் கணக்கில் ஒரு ரூபாய்கூட ஏறாது. வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டி நுகர்பொருள், அதுவும் சேராது. அதே பெட்டி கடையில் பால் விற்க வைக்கப்பட்டிருந்தால் மூலதனம்!

எப்படி அளக்கிறார்கள்?

நாடு முழுவதும் வீடு வீடாக, ஆலை ஆலையாகச் சென்று ஒவ்வோர் ஆண்டும் மதிப்பிட இயலாது. இதற்கு ஒரு வழியை அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ரேமண்ட் கோல்ட்ஸ்மித் 1951இல் வெளியிட்டார். நம் தேசியப் புள்ளியியல் அலுவலகமும் இம்முறையைக் கையாளுகிறது. அதன் சாரம் இதுதான்:

ஆண்டுத் தொடக்க இருப்பு + புதிய முதலீடு − தேய்மானம் = ஆண்டு இறுதி இருப்பு

ஒரு பட்டறையில் 1,00,000 ரூபாய்க்கு லேத் எந்திரம் வாங்குகிறார்கள். ஆயுள் 10 ஆண்டுகள் என்று கொள்வோம். ஆண்டுக்கு 10,000 ரூபாய் தேய்மானம். 4 ஆண்டுகள் கழிந்ததும் அதன் மதிப்பு 60,000 ரூபாய். பல ஆண்டுகளில் வாங்கிய பொருள்களைக் கூட்டும்போது, விலையேற்றத்தையும் சரிசெய்து ஒரே ஆண்டின் விலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பொருளும் தேய்ந்தே ஓய்வதில்லை. கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதையில் 1931இல் தொடங்கிய மின்சார ரயில் 2004இல் நின்றது. அகலப் பாதை வந்ததே காரணம். ஆகவே ஆயுளை மதிப்பிடுவதுதான் இக்கணக்கில் கடினமான பகுதி.

வெள்ளத்திற்குப் பிறகு

அந்த லேத் எந்திரம் வெள்ளத்தில் பாழாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 60,000 ரூபாய் மதிப்பு பூஜ்யமாகிவிட்டது. பட்டறைக்காரர் கடன் வாங்கி, நம் நாட்டில் செய்த புதிய எந்திரத்தை 1,20,000 ரூபாய்க்கு வாங்குகிறார். இப்போது உற்பத்திக் கணக்கைப் பாருங்கள். வேலை நின்ற நாட்களுக்கு உற்பத்தி குறையும். புதிய எந்திரம் செய்யப்பட்டதற்காக உற்பத்தி கூடும். ஆனால் அழிந்த 60,000 ரூபாய் எங்கும் கழிக்கப்படாது!

தேய்மானத்திலும் அது சேராது. தேய்மானம் என்பது எதிர்பார்த்த இழப்பு, வெள்ளம் எதிர்பாராதது. உலக நாடுகள் பின்பற்றும் கணக்கு விதிகளின்படி, பேரிடர் இழப்பை இருப்பிலிருந்து தனியாகக் கழிக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் ஆயுளை மட்டும் நம்பினால், குப்பைக்குப் போன லேத் தாளில் மட்டும் இன்னும் 6 ஆண்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்!

ஆகவே, 'இந்த ஆண்டு வளர்ச்சி இத்தனை சதவீதம்' என்று படிக்கும்போது, 'இருப்பு கூடியதா, குறைந்ததா?' என்றும் கேளுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்கள் பள்ளியின் மேசை, கணினி, கட்டடம், மைதான நிலம் ஆகியவற்றுள் எவை மூலதன இருப்பில் சேரும்?

2. ஒரு மோட்டார் பம்பின் விலை 40,000 ரூபாய். ஆயுள் 8 ஆண்டுகள். 3 ஆண்டுகள் ஓடியபின் வெள்ளத்தில் பாழானது. இருப்பில் இழப்பு எவ்வளவு?

விடைகள்: 1. மைதான நிலம் தவிர மற்றவை. 2. 25,000 ரூபாய்.