நிலம் போகலாம், நியாய விலை போகக்கூடாது

கேள்வி: எங்கள் 3 ஏக்கர் செம்பனை நிலத்தை ஏதோ திட்டத்துக்காக அரசாங்கம் எடுக்கப் போகிறதாம். பக்கத்துப் பணக்காரரின் தோட்டத்தை மட்டும் தொடவில்லை. இதைத் தடுக்க முடியுமா?
– வாசகர், பெக்கோக்

பதில்: தடுப்பது கடினம், ஏமாறாமல் இருப்பது உங்கள் கையில். மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் அரசாங்கத்துக்கு நீண்ட கையைக் கொடுத்திருக்கிறது. பொருளாதார வளர்ச்சிக்கு உதவும் என்று மாநில அரசு கருதினால், தனியார் நிறுவனத்துக்காகக்கூட நிலத்தை எடுக்கலாம். ஆனால், போதிய இழப்பீடு இல்லாமல் எடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 13-வது பிரிவு. அங்கே பணக்காரரும் நீங்களும் ஒன்றுதான்.

எனவே பக்கத்து வேலியை விடுங்கள். உங்கள் கோப்பைக் கவனியுங்கள். நில நிர்வாகியின் விசாரணை அறிவிப்பான ‘போராங் ஈ’ வந்ததும் விசாரணை நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தனியார் மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு நேரில் போங்கள். மீதி நிலம் துண்டாகிப்போகும் நஷ்டத்தையும் கேளுங்கள். தொகை குறைவென்றால், ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிப் பணத்தை வாங்குங்கள். பேசாமல் வாங்கினால் வழக்கு அதோடு முடிந்தது. பிறகு, விவகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பக் கோரும் ‘போராங் என்’ படிவத்தைக் கொடுங்கள். நில நிர்வாகி இழப்பீட்டை அறிவித்தபோது நேரில் இருந்தவருக்கு ஆறு வாரம்தான் அவகாசம்.

உயர் நீதிமன்றத்தில் இழப்பீட்டை முடிவு செய்வது நீதிபதிதான்; உடன் அமரும் மதிப்பீட்டாளர்களின் கருத்து அவரைக் கட்டுப்படுத்தாது. செமினி ஜெயா நிறுவனத்தின் நில எடுப்பு வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2017-இல் இதை உறுதி செய்தது. துணிந்து கேளுங்கள்!