பட்டாளத்துக்கு முந்திய வியாதியா?

மாட்டைப் பல் பிடித்துப் பார்த்து வாங்கியவன், ஒன்பது வருஷம் ஏரில் பூட்டியபின் "இது வரும்போதே நோய்மாடு" என்று தள்ளினால், தாமிரபரணிக் கரைக் குடியானவர் ஒப்புவரோ? ஒரு சிப்பாயின் வழக்கும் அத்தகையதே.

1985-இல் பட்டாளத்திற் சேர்ந்த அவர், 1994-இல் வலிப்பு நோயினால் 20 சதவீத ஊனத்துடன் விலக்கப்பட்டார். நோய் சேவையினால் வந்ததன்று என்றது வைத்தியக் குழு, காரணம் கூறவில்லை. சேர்ந்தபோது எழுதிய குறிப்பில் அந்நோய் காணப்படவில்லை. ஆகவே, 1982-ஆம் வருஷத்து விதிகளின்படி சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே உரியது. ரூபிக்கும் பாரம் சர்க்காருடையது எனச் சுப்ரீம் கோர்ட் 2013 ஜூலை 2-இல் தீர்ப்பளித்தது.

முன்பே இருந்த நோயாயினும், சேவையினால் முற்றியதென்று காட்டினால் ஊனப் பென்ஷன் கோர இடமுண்டு. 2023 செப்டம்பர் 21-க்குப் பின் விலகியோருக்குப் புதிய விதிகள் பொருந்துமாதலின், விலகிய தேதியை முதலில் நோக்குதல் வேண்டும்.

சேர்ந்தபோதும் விலகியபோதும் எழுதப்பட்ட வைத்தியத் தாள்களை நிலப்பத்திரம்போற் காப்பது அவசியம். எழுத்தறியாக் குடும்பத்தார்க்குச் சங்க அங்கத்தினர் மனு எழுதி உதவலாம். திருநெல்வேலியிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம். மனு தள்ளப்படின் அப்பீல் உண்டு. அதுவும் தள்ளப்படின், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையை நாடலாம். ஒரு தாளைப் பேணாமையால் ஒரு குடும்பத்தின் ஜீவனம் கெடலாகாது.