நல்ல மனம் மட்டும் போதுமா?

(போதைத் தடுப்புப் பணியாளரும் அவர் பெறும் சான்றிதழும்)

சில வருடங்களுக்கு முன் நான் பணியாற்றிய பங்கொன்றில், போதைவஸ்துப் பழக்கத்திலிருந்து மீண்ட ஒருவரை மறைக்கல்வி மாணவர் முன் பேசவைத்தேன். தாம் பட்ட துன்பங்களை அவர் உருக்கமாக எடுத்துரைத்தார். பிள்ளைகள் அசையாமல் கேட்டிருந்தனர். நல்ல காரியம் செய்தோம் என்று நானும் மகிழ்ந்திருந்தேன். கூட்டம் முடிந்தபின் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் என்னிடம் வந்து, "சுவாமி, முதல்முதல் எடுக்கேக்கை அந்த அண்ணைக்கு எப்படி இருந்ததாம்?" என்று கேட்டான். அவன் மனத்தில் ஓர் ஆவலை நானே விதைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இது என் தனி அனுபவம் மட்டுமன்று. போதைவஸ்துத் தடுப்புப் பற்றிய சர்வதேச நியமங்களை ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள், குற்றச்செயல் அலுவலகம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டது. பிள்ளைகளை அச்சமூட்டுவதும், முன்னாள் பாவனையாளரைச் சாட்சி கூறவைப்பதும் நற்பயன் தராதவை, சிலவேளை தீமையும் விளைப்பவை என அந்நியமங்கள் எச்சரிக்கின்றன.

அமெரிக்கா கற்ற பாடம்

1983ஆம் ஆண்டில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 'டெயார்' என்னும் திட்டம் தொடங்கிற்று. பொலிஸ் உத்தியோகத்தர் வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்துவர். பெற்றோர் விரும்பினர், பாடசாலைகள் வரவேற்றன, நாடெங்கும் அது பரவிற்று. ஆயினும், பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1994இல் வெளியான ஆராய்ச்சி, மாணவரின் போதைவஸ்துப் பாவனையை அத்திட்டம் குறைத்தது மிகச் சொற்பமே என்று காட்டிற்று. அதை நடத்தியவர்களிடம் நல்ல மனம் நிறைய இருந்தது. செய்கின்ற முறை பலன் தருகிறதா என்று அளந்து பார்க்கும் அறிவும் தடுப்புப் பணிக்கு வேண்டும் என்பதே இதிலிருந்து கிடைத்த பாடம்.

சான்றிதழ் பெறும் வழி

எனவே தடுப்புப் பணி இன்று ஒரு தொழிலாகவே கற்பிக்கப்படுகிறது. அமெரிக்காவில் இதற்குரிய சான்றிதழை வழங்கும் மாநிலச் சபைகள் பல, 1981இல் உருவான 'ஐ.சி. அன்ட் ஆர்.சி.' என்னும் கூட்டமைப்பின் குறைந்தபட்ச விதிகளைப் பின்பற்றுகின்றன. 'தடுப்பு நிபுணர்' என்னும் சான்றிதழுக்கு அவ்விதிகள் கேட்பவை இவை:

1. தடுப்புப் பணியில் 2,000 மணித்தியால அனுபவம். முழுநேர ஊழியர் ஒருவருக்கு இது ஏறக்குறைய ஒரு வருட வேலை.

2. 120 மணித்தியாலக் கல்வி. இதில் 6 மணித்தியாலம் தொழில் ஒழுக்கத்துக்கென ஒதுக்கப்பட வேண்டும்.

3. தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வையில் 120 மணித்தியாலப் பயிற்சி.

4. எழுத்துப் பரீட்சை. திட்டமிடலும் மதிப்பீடும், கல்வியூட்டல், ஊர்மக்களை ஒன்றுதிரட்டல், பொதுக்கொள்கை முதலியவற்றில் அறிவு சோதிக்கப்படும்.

5. தொழில் ஒழுக்கக் கோவைக்குக் கட்டுப்படுவதாகக் கையொப்பம்.

ஒரு மாநிலம் இவற்றுக்குமேலும் நிபந்தனை விதிக்கலாம். சான்றிதழ் பெற்றவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்குள்ள உறுப்புச் சபை அதை ஏற்றுக்கொள்ளவும் வழி உண்டு.

ஏன் புதுப்பிக்க வேண்டும்?

இச்சான்றிதழ் ஆயுட்காலத்துக்கு உரியதன்று. இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை, 40 மணித்தியாலத் தொடர்கல்வி பெற்றதை நிரூபித்துப் புதுப்பிக்க வேண்டும். இது வீண் சுமை என்று சிலர் எண்ணலாம். ஆனால் 1983இல் சரியென நம்பிய முறையை, 1994இன் ஆராய்ச்சியை அறியாமலே ஒருவர் இன்றும் கற்பித்துக்கொண்டிருந்தால் நட்டம் யாருக்கு? பிள்ளைகளுக்கே. புதிய போதைவஸ்துக்களும் வருகின்றன. அவற்றை விற்போர் புதிய வழிகளைத் தேடுகின்றனர். தடுப்பவர் மட்டும் பழைய குறிப்புப் புத்தகத்தோடு நிற்கலாகாது.

நம் நாட்டில்

இக்கல்வி நமக்குத் தூரத்துச் செய்தியன்று. கொழும்பில் தலைமையகம் கொண்ட கொழும்புத் திட்டம், 1973இல் தன் போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவை ஆரம்பித்தது. போதைத் துறைப் பணியாளருக்குப் பயிற்சியும் சான்றிதழும் வழங்கும் ஆசிய நிலையம் ஒன்றை 2009இல் அது அமைத்தது. அம்முயற்சி பின்னர் பல நாடுகளுக்கும் விரிந்தது. தடுப்புக்கென்றே வகுக்கப்பட்ட பாடத்திட்டமும் அதில் அடங்கும். சமூகசேவையில் நாட்டமுள்ள நம் இளைஞரும் யுவதிகளும் இதையும் ஒரு தொழிலாக எண்ணிப் பார்க்கலாம்.

பெற்றோர் கேட்கவேண்டியவை

நம் பிள்ளைகளுக்கு ஊசி போடவரும் தாதி பயிற்சி பெற்றவரா என்று பார்க்கிறோம். அவர்கள் மனத்தோடு பேச வருபவரிடமும் அதைக் கேட்பதில் தவறில்லை. எங்கே பயின்றீர்கள்? இந்த வயதுக்கு இந்தப் பாடம் பொருந்துமா? ஒரே நாள் பேச்சா, தொடர் வகுப்பா? வாரம் ஒருமுறையாகப் பத்துப் பதினைந்து வகுப்புகள் நடத்தி, பிள்ளைகளையும் பேசவைத்து, மறுக்கும் திறனையும் முடிவெடுக்கும் திறனையும் பழக்குவதே பயன்தரும் என மேற்கூறிய நியமங்கள் காட்டுகின்றன. பெற்றோருக்கான பயிற்சியையும் அவை பெரிதும் பரிந்துரைக்கின்றன.

அந்தச் சிறுவனின் கேள்விக்கு அன்று என்னிடம் தக்க பதில் இருக்கவில்லை. அன்புடன் அழைத்தேன், அறியாமல் அழைத்தேன். அடுத்த முறை அழைக்குமுன் கேட்பேன்.

குடும்பமாகக் கலந்துரையாட:

1. போதைவஸ்துப் பற்றி நம் பிள்ளைகள் இதுவரை யாரிடமிருந்து அறிந்துள்ளனர்?

2. அச்சமூட்டாமல் அவர்களுடன் இதைப்பற்றி எப்படிப் பேசலாம்?

3. நம் பங்கிலிருந்து இப்பயிற்சிக்கு யாரை அனுப்பலாம்?