நிரல் மாறினும் பொருள் மாறாமை

பவணந்தியார் நன்னூலில் பொருள்கோள் எட்டு என்பார். அவற்றுள் நிரல்நிறை, சொற்கள் நின்ற வரிசையைக் கொண்டு பொருள் காண்பது. கொண்டுகூட்டு, பல அடிகளில் சிதறிய சொற்களை ஏற்ற இடத்தில் கூட்டிப் பொருள் காண்பது. கணினிக்குத் தரவு அளிக்குங்காலும் இவ்விரு நெறிகளே எதிர்ப்படுகின்றன. பின்வரும் மூன்று குறிப்புகளை நோக்குவோம்.

ஆண்டு: 1690, இடம்: கடலூர், நிகழ்வு: புனித தாவீது கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியது.

நிகழ்வு: அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தோற்றம், ஆண்டு: 1929, இடம்: சிதம்பரம்.

இடம்: பரங்கிப்பேட்டை, நிகழ்வு: ஐதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் நடந்த போர்.

இவற்றை நிரல்நிறையாகப் படிப்பின் ‘1690’ நிகழ்வாகவும் ‘கடலூர்’ ஆண்டாகவும் மயங்கும். எனவே கொண்டுகூட்டே ஏற்றது. வேற்றுமை உருபு ஏற்ற சொல் இடம் பெயரினும் பொருள் திரியாதது போல, தலைப்பு ஏற்ற மதிப்பும் எங்கு நிற்பினும் தன் பொருளை இழவாது.

1990-இல் வெளிவந்த ஹாஸ்கெல் போன்ற சார்புவழி நிரல்மொழிகளில் இப்பணி மூன்று படிகளில் நிகழும். முதலில், ஒவ்வொரு கூறும் தலைப்பு, மதிப்பு என இரண்டாகப் பிரிக்கப்படும். அடுத்து, அவ்விணைகள் அகராதி போன்ற ஒரு தொகுப்பில் சேர்க்கப்படும். இங்கே வரிசை மறைகிறது. இறுதியில், நிகழ்வு, இடம், ஆண்டு என்னும் மூன்றும் அத்தொகுப்பில் தேடப்படும். ஒவ்வொரு தேடலும் ‘உண்டு, இது’ என்றோ ‘இல்லை’ என்றோ விடை தரும். மூன்றும் உண்டெனில் மட்டுமே பதிவு உருவாகும். பாதி நிரம்பிய பதிவுக்கு இங்கே இடமில்லை.

மூன்றாம் குறிப்பில் ஆண்டு இல்லை. வெற்றிடத்தைச் சுழியத்தால் நிரப்பும் நிரல், 1781-இல் நடந்த போரைச் சுழியம் ஆண்டில் நடந்ததாக எழுதிவிடும். செம்மையான நிரலோ ‘ஆண்டு இல்லை’ என அறிவித்து நிற்கும். ஒரே தலைப்பு இருமுறை வரினும் விழிப்பு வேண்டும். ஹாஸ்கெல் மொழியில் இணைகளின் பட்டியலை அகராதித் தொகுப்பாக்கும் வழக்கமான சார்பு, பின்வந்த மதிப்பையே வைத்துக்கொண்டு முன்னதை ஓசையின்றி நீக்கிவிடும். ஆதலின் தொகுக்கும் முன்னரே இரட்டிப்பை ஆராய்தல் நன்று.

இது வெறும் நுட்பச் செய்தி அன்று. 2004 டிசம்பர் 26 அன்று கடலூர்க் கரையை ஆழிப்பேரலை தாக்கியது. அத்தகைய நாளில் காணாமற்போனோர் பட்டியலில், வயது குறிக்கப்படாத முதியவர் ஒருவருக்குச் சுழியம் என்று வயது எழுதப்படின், அவர் கைக்குழந்தையாகத் தேடப்படுவார். சிதறியதைக் கூட்டுவது அறிவு. இல்லாததை இட்டு நிரப்பாமை அறம். உரையாசிரியர்க்கு உரிய இவ்விரு கடமைகளும் நிரல் எழுதுவோர்க்கும் உரியன என்பது நம் துணிபு.